நடந்தது யார், பரிசு யாருக்கு? பெங்களூரு எச்.ஆர். நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அவுட்டர் ரிங் ரோடு, ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி என்று இந்த ஊரின் கண்ணாடிக் கட்டடங்களில் 'வெல்னெஸ்' என்ற ஊழியர் நலப் பொறுப்பைச் சுமக்கும் மனிதவளத் துறை (எச்.ஆர்.) நண்பர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் லீட். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். பெங்களூருக்கு வந்து 17 வருடம் ஆகிறது. வீடு ராமமூர்த்தி நகரில், அலுவலகம் பெலந்தூர்ப் பக்கம். நடுவில் நெரிசலுக்குப் பேர்போன டின் ஃபேக்டரி சந்திப்பு இருக்கிறது என்று சொன்னால் மீதியை நீங்களே புரிந்துகொள்வீர்கள். எங்கள் அலுவலக வெல்னெஸ் கமிட்டியில் மூன்று வருடம் நானும் இருந்தேன். அதனால் இந்த மடலில் திட்டு ஏதாவது இருந்தால் அதில் பாதி எனக்கும் சேர்த்துத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஸ்டெப் சேலஞ்ச் நடத்தினோம். 21 நாள், தினமும் 10,000 அடி, எண்ணிக்கொள்ள ஒரு ஆப், முதல் பரிசு ஸ்மார்ட் வாட்ச். முதல் வாரம் எங்கள் தளமே திருவிழா மாதிரி நடந்தது. காதில் ஹெட்செட்டோடு காரிடாரில் குறுக்கும் நெடுக்கும் போனவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் பாதிப் பேரைக் காணோம். மூன்றாம் வாரம் பட்டியலின் உச்சியில் ஒரே பெயர்தான் அசையாமல் நின்றது. எங்கள் பக்கத்து டீமில் இருக்கும் ஒரு தம்பி. 18,000, 19,000 என்று தினமும் ஏறிக்கொண்டே போனான். அவன் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை. டீயைக்கூட யாராவது கொண்டுவந்து வைத்தால்தான் குடிப்பான்.

ஒருநாள் பேன்ட்ரியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். ஹவுஸ்கீப்பிங் அக்காவின் ஏப்ரன் பையில் ஒரு போன் அதிர்ந்தது.

"போன் வருது பாருங்கக்கா."

"என்துல்ல மேடம், அந்தத் தம்பிது. பழைய போனாம். காலைல குடுக்கும், சாயங்காலம் வாங்கிக்கும். சும்மா பையில வெச்சுக்கிட்டா போதும்னுச்சு. ஏன் மேடம், எதுனா தப்பா?"

வாங்கிப் பார்த்தேன். இலக்கைத் தாண்டிவிட்டதாகத் திரை முழுக்கப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. மணி அப்போது பதினொன்றுகூட ஆகவில்லை. இரண்டு தளங்களைத் துடைத்து, கழிப்பறைகளைக் கழுவி, மீட்டிங் ரூம் கோப்பைகளை எல்லாம் அள்ளிக்கொண்டுவந்து போட்டுவிட்டு அக்கா நின்றிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் தம்பி மேடையேறி வாட்சை வாங்கிக்கொண்டான். நான் கைதட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. அக்கா ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்பதால் அவர் பெயரைப் போட்டியில் சேர்த்திருக்கவும் முடியாது. 'வெண்டார் ஸ்டாஃப் கலந்துகொள்ள இயலாது' என்ற விதியை அந்தப் படிவத்தில் தட்டச்சு செய்ததே நான்தான்.

தம்பி செய்தது தப்புதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவன் எங்களைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறான். நாங்கள் கேட்டது ஒரு எண். அவன் எண்ணைக் கொடுத்தான். நாங்களும் அதையேதான் செய்தோம். எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்பதை ஸ்லைடில் பெரிதாகப் போட்டு மேலே அனுப்பினோம். எத்தனை பேர் 21 நாளும் நடந்தார்கள் என்பதைப் போடவில்லை.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் நடையை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரின் பொருளே 'பத்தாயிரம் அடி மானி'தான். மருத்துவர்கள் கூடிப் பேசி வைத்த அளவு கிடையாது. விற்பதற்காக வைத்த பெயர். 2019-இல் வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வொன்றில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு அபாயம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. அது சராசரி வயது எழுபதைத் தாண்டியவர்களின் கணக்கு. அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரிங் ரோடில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வருபவரிடம் முதல் நாளே 10,000 கேட்டால், அவர் 3,000 நடந்துவிட்டுத் தோற்றுப்போனதாக நினைத்துக்கொள்கிறார். மறுநாள் ஆப்பையே திறப்பதில்லை.

21 நாளில் ஒரு பழக்கம் வந்துவிடும் என்ற கதையும் அப்படித்தான். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக வரும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகியிருக்கிறது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கு. நாமோ 21-ஆம் நாள் பரிசைக் கொடுத்து, கேக் வெட்டி, கடையைச் சாத்திவிடுகிறோம். பழக்கம் வேர்பிடிக்கத் தொடங்கும் நேரத்தில் தண்ணீரை நிறுத்துவது போல.

'ஊழியர்களுக்கு ஆர்வமே இல்லை' என்று கமிட்டிக் கூட்டங்களில் நாம் அடிக்கடி அலுத்துக்கொள்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அப்புறம் ஒருநாள் பழைய அழைப்பு மின்னஞ்சல்களை எல்லாம் வரிசையாகத் திறந்து பார்த்தேன். யோகா வகுப்பு மதியம் ஒரு மணிக்கு. அதே நேரத்தில் இரண்டு டீம்களுக்கு ரெவ்யூ. கண் பாதுகாப்புப் பற்றிய உரை ஆன்லைனில், ஒன்றரை மணி நேரம் திரையைப் பார்த்தபடி. நல்ல தூக்கத்துக்கான வழிகளைச் சொல்லும் பயிலரங்கு இரவு எட்டு மணிக்கு! அது முடிந்த கையோடு ஒன்பதரைக்கு அமெரிக்கக் கிளையன்ட் அழைப்பில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆர்வம் இருந்தது. நேரம்தான் இல்லை. நலத்துக்கான நேரத்தை ஊழியர் தன் சாப்பாட்டிலிருந்தும் தூக்கத்திலிருந்தும் எடுத்துத் தர வேண்டும் என்றே எல்லா நிகழ்ச்சிகளையும் வகுத்திருந்தோம். வேலை நேரத்திலிருந்து ஒரு நிமிடம்கூட நாங்கள் கேட்டு வாங்கவில்லை. கேட்கத் துணியவில்லை என்பதுதான் உண்மை.

இது என் சொந்தப் புலம்பல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில், ஏறக்குறைய 33,000 ஊழியர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. சில கிளைகளில் வெல்னெஸ் திட்டம் உண்டு, மற்றவற்றில் இல்லை. கிளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால், திட்டம் இருந்த கிளைகளில் உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தத்திலோ கொழுப்பிலோ மருத்துவச் செலவிலோ விடுப்பு எண்ணிக்கையிலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. 2019-இல் வெளியான இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இப்படிப்பட்ட திட்டங்களில் வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள். ஜிம்முக்குப் போகிறவரே ஜூம்பாவுக்கும் வருகிறார். பிறகு 2024-இல் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை அலசிய ஓர் ஆய்வு. தியான ஆப், மனஉறுதிப் பயிற்சி மாதிரி தனிமனிதரைத் திருத்தும் திட்டங்களில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருந்ததாக அது காட்டவில்லை. ஒரே விதிவிலக்கு, தன்னார்வச் சேவைக்கு வாய்ப்புத் தந்த திட்டங்கள்.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியென்றால் பட்ஜெட்டை வெட்டிவிடலாம்' என்று உங்கள் நிதித் துறை குதிக்கக்கூடும். தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டும் அவர்களுக்கு ஃபார்வேர்டு செய்யாதீர்கள்.

பர்ன்-அவுட் என்று நாம் சொல்லும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் விளக்கியது. நோய் என்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத நெடுநாள் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. அழுத்தம் பணியிடத்தில் இருக்கிறது. நாமோ ஊழியரின் மூச்சைச் சரிசெய்யப் பார்க்கிறோம். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று அதே நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. இந்த ஊரிலோ 70 மணி நேரம் உழைக்கச் சொல்லும் பெரியவர்களின் பேச்சு தலைப்புச் செய்தியாகிறது. மாநில அரசு 2024-இல் ஐ.டி. ஊழியர்களுக்கு ஒருநாள் வேலையை 14 மணி நேரம் வரை நீட்டும் யோசனையைப் பரிசீலிக்க, தொழிற்சங்கம் கொதித்தெழுந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் அலுவலகச் சுவரில் 'சுவாசியுங்கள்' என்று ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் நான்தான்.

சரி, மருத்துவ முகாமுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கேண்டீனின் ஒரு மூலையில் மேசை போட்டு, எடை, உயரம், ரத்த அழுத்தம், சர்க்கரை. வரிசை வளைந்து காபி மெஷின் வரை நிற்கும். எடை பார்க்கும் பையன் எண்ணை உரக்கச் சொல்ல, எழுதும் பெண் உரக்கத் திருப்பிச் சொல்வாள். எங்கள் டீமில் ஒரு பெண்ணின் எடையைக் கேட்டு வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். விளையாட்டாகத்தான். அவள் சிரித்தாள். அடுத்த வருடம் முகாம் அன்று அவளுக்கு 'வொர்க் ஃப்ரம் ஹோம்'. அதற்கடுத்த வருடமும் அப்படியே. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. ஒரு திரைத்தடுப்பு வாங்கிப் போடாததால், பரிசோதனை தேவைப்பட்டவரை நாமே துரத்திவிட்டோம்.

முடிவுகள் எங்கே போகின்றன என்பது அடுத்த பயம். 'டீம்வாரியான ஆரோக்கிய அறிக்கை' என்று ஒரு எக்செல் எங்கள் மேலாளர்களுக்கு ஒருமுறை போனது. பெயர்கள் இல்லை. ஆனால் நாலு பேர் உள்ள டீமில் 'ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம்' என்று எழுதினால் பெயர் எதற்கு? மனநல ஆலோசனைக்கும் இதே கதிதான். கழிப்பறைக் கதவில் ஆலோசகர் எண்ணை ஒட்டி வைத்திருக்கிறோம். கூப்பிட்டால் எச்.ஆருக்குத் தெரிந்துவிடும், அப்ரைசலில் வந்து நிற்கும் என்று நம்புகிறவர்கள் என் டீமிலேயே இருக்கிறார்கள். தெரியாது என்றால், எப்படித் தெரியாது என்பதை எழுத்தில் கொடுங்கள். அதோடு அந்தப் போஸ்டரில் இன்னொரு எண்ணையும் சேருங்கள்: 14416. 2022-இல் தொடங்கிய அரசின் டெலி-மானஸ் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். நம் ஊர் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ்தான் அதற்கு வழிகாட்டும் தலைமை மையம். மனசு உடைந்த நேரத்தில் இங்கிலீஷில் வாக்கியம் அமைக்க முடியாமல் போனை வைத்துவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த முகாமில்தான் எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ1சி) 6.2 சதவீதம் என்று தெரிந்தது. 6.5-இலிருந்து நீரிழிவு, அதாவது வாசற்படியில் நிற்கிறேன். கமிட்டி உறுப்பினர் வேறு. என்ன செய்தேன்? எட்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை. ஊருக்கெல்லாம் சேலஞ்ச் அனுப்பினேன். நான் பஃப்ஸும் காபியுமாக 500டி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன்.

என்னை நகர்த்தியது ஒரு மேலாளர். எங்கள் டெலிவரி மேனேஜர், ஹூப்ளிக்காரர், அதிகம் பேசமாட்டார். அவருக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு, சாப்பிட்டதும் ஒரு கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். தினமும் 1.40-க்கு லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார். தன் காலண்டரில் அந்த நேரத்தை எல்லோருக்கும் தெரியும்படி 'நடை' என்றே போட்டு வைத்திருந்தார். மீட்டிங் என்று பொய் சொல்லவில்லை. அவர் எழுந்ததும் எங்கள் வரிசையில் மூன்று பேருக்கு எழும் தைரியம் வந்தது. மெயில் இல்லை, ஆப் இல்லை, டீஷர்ட் இல்லை. கேட்டைத் தாண்டி, மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்பை ஒட்டிச் சிக்னல் வரை போய்த் திரும்புவோம். நடைபாதை பாதி இடத்தில்தான் இருக்கும். மீதி இடத்தில் பைக் வரும். பேச்செல்லாம் பிள்ளைகளின் கட்டணம், வெள்ளிக்கிழமை ஓசூர் ரோடு நெரிசல், யார் வீட்டில் மாவு புளித்தது என்றுதான்.

மார்ச் மாத மென்பொருள் ரிலீஸ் வேலையில் என் நடை மூன்று வாரம் விட்டுப்போனது. முன்பென்றால் அதோடு முடிந்திருக்கும். ஏப்ரலில் ஒருநாள் அவர் என் மேசைப் பக்கம் வந்து, கன்னடம் கலந்த தமிழில், "ஏன்மா, சிக்னல் அங்கேயேதான் இருக்கு" என்றார். எழுந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து அந்த 6.2, 5.8 ஆனது. கேண்டீனில் நாலரை மணிக்குப் பஃப்ஸுக்குப் பக்கத்தில் சுண்டலும் வைக்கச் சொல்லிக் காண்ட்ராக்டரிடம் சண்டை போட்டதற்கும் அதில் பங்கு உண்டு. சர்க்கரை போடாத டீக்குத் தனி ஃப்ளாஸ்க் கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது வேறு கதை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள எதுவும் இல்லை. மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டு வரை மீட்டிங் போட முடியாதபடி காலண்டரைப் பூட்டுங்கள். கிளையன்ட்டுக்கும் அதைச் சொல்லுங்கள். இரவு அழைப்பு உள்ளவர் மறுநாள் காலை தாமதமாக வரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். மேலாளர்களுக்குச் சான்றிதழ்ப் பயிற்சி கொடுப்பதற்குப் பதில், அவர்களை முதலில் எழுந்து போகச் சொல்லுங்கள். நீங்களும் எழுந்து போங்கள். எச்.ஆர். அறையில் மதியம் எல்லோரும் கீபோர்டுக்கு மேல் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிடுவதைக் கண்ணாடி வழியாக நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உண்மையில் அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். காலை ஆறரைக்கெல்லாம் எங்கள் தளத்தில் இருப்பார். எங்கள் கட்டடத்தில் துடைப்பவர்கள், டீ கொடுப்பவர்கள், வாசலில் நிற்பவர்கள் என்று தமிழ் பேசும் முகங்கள் எத்தனையோ. அவர்கள் ஒருவருக்கும் மருத்துவ முகாம் கிடையாது. முகாம் முடிந்ததும் மேசையைத் துடைப்பது மட்டும் அவர்கள் வேலை. இதை நான் கருணையாகக் கேட்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான நலவசதிகளை முதன்மை நிறுவனமே செய்து தர வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. 'அவர்கள் வெண்டார் ஆட்கள்' என்று நான் தட்டச்சு செய்த அந்த வரிக்கு அங்கே இடமில்லை.

அக்காவை ஒருநாள் மதிய நடைக்குக் கூப்பிட்டேன். சிரித்தார்.

"நான் விடிகாலைலேர்ந்து நடந்துக்கினுதான மேடம் இருக்கேன். எனக்கு உக்கார ஒரு எடம் இருந்தா போதும்."

எனக்குச் சுரீர் என்றது. எங்களுக்கு நின்று வேலை செய்ய, உயரம் கூட்டிக் குறைக்கும் மேசைகள் வாங்கித் தந்திருக்கிறீர்கள், நன்றி. கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தினார்கள். அதற்கு முன்பே கேரளத்தில் வந்துவிட்டது. இங்கே அக்காவும் இன்னும் நாலு பேரும் எங்கே உட்காருகிறார்கள் என்று அன்றுதான் கேட்டேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

அடுத்த சேலஞ்சுக்கு மெயில் அனுப்பும் முன்னால் உங்கள் கட்டடத்தில் ஒருநாள் இரண்டே முக்கால் மணிக்குத் தீயணைப்புப் படிக்கட்டின் கதவைத் திறந்து பாருங்கள். மெதுவாகத் திறங்கள். கதவுக்குப் பின்னால் முதல் படியில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு டெஸ்டிங் லீட்